நாலாம் படுக்கையின் விரல்

எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று முடிவுசெய்யும் அதிகாரம், போன மழைக்காலம் முடிந்த கையோடு, டாக்டர்களிடமிருந்து எடுக்கப்பட்டு விரலிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் கதை விடவில்லை. சுற்றறிக்கை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸைதூன். அறுவை சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். கத்தி வைத்துத் தைத்துக் கொண்டுவந்து போட்ட உடம்பில் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி தெரியும். பாதத்தைத் தொடுவேன். சூடாக இருந்தால் நல்லது. சில்லிட்டிருந்தால் கீழ் உதட்டை இழுத்து உள்பக்கம் பார்ப்பேன். எங்கள் மக்களின் தோல் கறுப்பு. வெளியே எதுவும் தெரியாது, உதட்டுக்குள்ளேதான் உண்மை தெரியும். அது வெளுத்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டுக் கத்துவேன். அவ்வளவுதான் என் படிப்பு. இருபத்திரண்டு வருடத்தில் அது என்னை ஏமாற்றியதில்லை.

பிறகு படகில் நாற்பது பெட்டிகள் வந்தன. உள்ளே மெஷின்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம் அடிக்கும், மறுபக்கம் ஒரு கண் அதைப் பார்க்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலுக்குள் எவ்வளவு ரத்தம் வந்துபோகிறது என்பது எண்ணாகத் திரையில் விழும். ஒன்றுக்கு மேல் இருந்தால் பச்சை. அரைக்குக் கீழே போனால் சிவப்பு, அதோடு ஊரையே கூட்டுகிற மாதிரி ஒரு அலறல். மெஷினை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல மெஷின். கையில் பிடித்தவன் புத்தியோடு இருந்தால் ஆயிரம் பேரைக் காப்பாற்றும். எங்களுக்கு வந்த வினை மெஷின் அல்ல, மெஷினுக்காகத் தொடங்கப்பட்ட பிரிவு.

விரல்வழி ரத்த ஓட்ட உறுதிப் பிரிவு என்று அதற்குப் பெயர். தலைவர் தோயா; ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் ப்வானா என்போம், அதனால் ப்வானா தோயா. அதற்கு முன்பு ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வரும் விறகை எடை போட்டுக்கொண்டிருந்தவர். எண்களோடு பழகியவர் வேறு யாரும் இல்லை என்பதால் அவரையே போட்டார்கள். அவருக்கு ஒரு அறை, ஒரு முத்திரை, விரல்களை மட்டும் பதிவு செய்ய முழங்கை நீளத்துக்கு ஒரு பேரேடு, கூடவே இரண்டு ஆட்கள்.

தொடக்க விழாவில் எங்கள் இயக்குநர் டாக்டர் மசூத் பகாரி பேசினார். ஆறு வருடமாக அவர் எந்த வார்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை, ஆனால் பேச்சு பிரமாதமாக இருக்கும்.

"நோயாளி பொய் சொல்லுவார்," என்றார். "வலிக்குதும்பார், பார்த்தா வலிக்காது. சொந்தக்காரங்க அதைவிடப் பெரிய பொய் சொல்லுவாங்க. நர்ஸோட கை இருக்கே, அது காலையில ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும். விரல் மட்டும்தான் பொய் சொல்லாது. இனிமே ஒரு நோயாளியோட மூஞ்சியைக்கூடப் பார்க்காம இந்த ஆஸ்பத்திரியை என்னால நடத்த முடியும். இதை ரொம்பப் பெருமையோட சொல்லிக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற தோயாவின் கண்ணில் ஈரம்.

மறுநாளே எங்களிடமிருந்த ரத்த அழுத்தக் கருவிகளை வாங்கிக் கிடங்கில் பூட்டினார்கள். ஏன் என்று கேட்டேன். "ஒரு நோயாளிக்கு ரெண்டு உண்மை இருக்கக்கூடாது, சிஸ்டர்," என்றார் தோயா.

தினமும் காலை எட்டு மணிக்கு விரல் வரிசை நடக்கும். தோயா வார்டுக்குள் வந்ததும் எல்லா நோயாளிகளும் வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்கிக் காட்டவேண்டும். எங்கள் ஊரில் எப்போது அந்த விரலைத் தூக்குவார்கள் என்று தெரியுமல்லவா? தொழுகையில் தூக்குவார்கள். விட்டால் மூச்சு நிற்கும் நேரத்தில், கலிமா சொல்லும்போது. முதல் நாள் வாசலோரப் படுக்கையில் இருந்த கிழவர், அத்தனை பேரும் விரலைத் தூக்குவதைப் பார்த்து, நேரம் வந்துவிட்டது போல என்று நடுங்கிக் கலிமா சொல்ல ஆரம்பித்தார். அடுத்த படுக்கைக்காரர் சேர்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் முப்பது பேரும் விரலைத் தூக்கியபடி கண்ணீரும் கம்பலையுமாகச் சாகத் தயாராகிவிட்டார்கள். தோயா தம் பேரேட்டில், 'நோயாளிகளின் ஒத்துழைப்பு மிக நன்று' என்று எழுதினார்.

அப்புறம் ஃபூமோ வந்தார். வெடி வைத்து மீன் பிடிக்கப்போய் இரண்டு கையிலும் விரல்களைப் பறிகொடுத்தவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யவேண்டும். விரல் இல்லாமல் எப்படிப் பதிவது? தோயா மாவட்டத் தலைமைக்கு எழுதினார். இல்லாத விரல்களின் புகைப்படத்தை இணைக்கச் சொல்லிப் பதில் வந்தது. இணைத்தார்கள். ஃபூமோ ஏழு வாரம் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் பதினோராம் விதி பிறந்தது: தகுதியான விரல் இல்லாதவர்களுக்கு, நெருங்கிய உறவினரின் விரலைப் பதிந்துகொள்ளலாம்.

ஃபூமோவின் மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்து அவள் விரலில் கிளிப்பை மாட்டி, ஃபூமோவை அறுத்தார்கள். எண் அருமையாக இருந்தது. இருக்காதா பின்னே? அவள் கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கிற உடம்புக்காரி. ஃபூமோவும் பிழைத்துக்கொண்டார், அது தனி விஷயம். ஆனால் விதி வெற்றி பெற்றுவிட்டது. தலைமையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மிஷி வந்தது ஒரு புதன்கிழமை.

கர்ப்பப்பையில் கட்டி. மூன்று மாதமாக நிற்காமல் ரத்தம் போய், நடந்தாலே மூச்சு வாங்குகிற நிலைமையில் இருந்தாள். வயது முப்பத்தைந்து, இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் கொம்போ எங்கள் துறைக்கும் அக்கரைக்கும் படகு ஓட்டுபவன். கடலில் அவன் போடுகிற சத்தத்துக்கு மீனெல்லாம் ஓடும், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் மட்டும் பூனை மாதிரி ஆகிவிடுவான். அவன் தம்பி மாகமே முந்தின நாளே வந்து அண்ணிக்காக ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் கிடங்கில் அந்த வகையில் இருந்தது அந்த ஒரே பைதான்.

மிஷியின் தங்கைக்குப் போன வாரம்தான் கல்யாணம். அதற்காக மிஷியும் பத்து விரல் நுனியிலும் கன்னங்கரேலென்று பிக்கோச் சாயம் பூசியிருந்தாள். கால் விரல்களுக்கும் விடவில்லை. மருதாணி என்றாலாவது கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும். பிக்கோ தார் பூசின மாதிரி. தோயா ஒவ்வொரு விரலாக மாட்டிப் பார்த்தார். பத்துக்கும் பூஜ்யம்.

"உங்களுக்கு ரத்த ஓட்டமே இல்லையேம்மா," என்றார்.

"அப்போ உங்ககிட்ட பேசிட்டிருக்கறது யாரு, ஜின் பிசாசா?" என்றாள் மிஷி. "மூணு மாசமா நிக்காம ஓடுது. ஓட்டம் இல்லையாம்ல! எங்க வீட்டுத் துணி துவைக்கிற தொட்டியைப் போய்ப் பாருங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "ப்வானா, காது மடல்ல மாட்டலாமே. அங்கயும் வேலை செய்யும்."

"சிஸ்டர், இது விரல் பிரிவு. காது, காது மூக்குத் தொண்டைப் பிரிவுல வருது. அவங்க வெள்ளிக்கிழமைதான் வருவாங்க. அவங்க காதைக் கடன் குடுக்கணும்னா தனிக் கடிதம் வேணும்." பேரேட்டை மூடினார். "நகம் வளர்ந்து சாயம் போகட்டும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

கொம்போ அப்போதுதான் வாயைத் திறந்தான். "மூணு மாசத்துல இவ உடம்புல ஒண்ணுமே மிஞ்சாதுங்க. வேணும்னா என் விரலை எடுத்துக்கங்க. வெட்டிக்கூடக் குடுக்கறேன்."

தோயாவின் முகம் மலர்ந்தது. பதினோராம் விதி! பேரேடு மறுபடி திறந்தது. கொம்போவின் வலது ஆள்காட்டி விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, எலுமிச்சை தேய்த்து மாட்டினார்கள். ஆறு புள்ளி இரண்டு. தோயா எழுந்து நின்று அந்த விரலோடு கை குலுக்கினார்.

"இந்த நிமிஷத்துலேருந்து இது உங்க விரல் இல்லை, அம்மாவோடது," என்றார். "நாலாம் படுக்கை பேர்ல பதிஞ்சாச்சு. சேதமாகக்கூடாது. மூக்கு நோண்டக்கூடாது. சோத்துல வைக்கக்கூடாது."

அன்று சாயங்காலம் கொம்போ அந்த விரலை மட்டும் நீட்டிக்கொண்டு படுக்கையோரம் உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்து தேங்காய்ச் சோறும் மீனும் வந்திருந்தன. மிஷிதான் பிசைந்து ஊட்டினாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படி ஊட்டினதில்லை," என்றான்.

"அன்னிக்கு உனக்கு விரல் இருந்துச்சே. இது இப்போ எனக்குச் சொந்தம். ஞாபகம் வெச்சுக்கோ, வீட்டுக்கு வந்தப்புறமும் திருப்பித் தரமாட்டேன்." சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கிற்று. "அக்கா, நாளைக்குச் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துடுவேன் இல்ல? சின்னவ நான் இல்லாம தூங்கமாட்டா."

"உட்காருவ, உட்காருவ," என்றேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவை. கொம்போவுக்கும் பச்சை அங்கி போட்டு, தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, கிளிப்பை மாட்டினார்கள். டாக்டர் லெவா சின்ன வயது, நல்ல கை. பதினோரு மணிக்குக் கட்டியை எடுத்துவிட்டுத் தைத்து முடித்தான். எனக்கும் திருப்திதான். நாலாம் படுக்கைக்குக் கொண்டுவந்து போட்டோம். பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் கொம்போ, கொம்போவின் விரலில் கிளிப். எண் ஆறு புள்ளி இரண்டு.

அந்த வாரம் பார்த்து விரல் வாரம் கொண்டாடினார்கள். தலைமையிலிருந்தும் மெஷின் கொடுத்த அமைப்பிலிருந்தும் விருந்தாளிகள். பன்னிரண்டரை மணிக்குக் கூட்டம் ஆரம்பம். கூடத்தில் பெரிய திரை போட்டு, எல்லாப் படுக்கைகளின் எண்களும் அங்கே நேராகத் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். எல்லா டாக்டர்களும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. லெவாவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அன்றைக்குக் காட்டவேண்டிய நோயாளி மிஷிதான்.

பன்னிரண்டே முக்கால் மணிக்கு மிஷி தண்ணீர் கேட்டாள். உதட்டை நனைத்தேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி கேட்டாள். கொட்டாவி விட்டாள். ஒரு நிலையில் இருக்கமாட்டாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"தண்ணிக்குள்ள போயிட்டே இருக்கற மாதிரி இருக்கு, அக்கா."

பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைக் காகிதம். கை நாடி எண்ணிக்கைக்கு அடங்கவில்லை. வயிறு கல்லாக ஏறியிருந்தது. உள்ளே எங்கேயோ தையல் நழுவி ரத்தம் கொட்டுகிறது. இதைச் சொல்ல ஒரு மெஷினும் வேண்டாம். திரையைப் பார்த்தேன். ஆறு புள்ளி இரண்டு. பச்சை.

கூடத்துக்கு ஓடினேன். வாசலில் தோயா கையை நீட்டி மறித்தார்.

"நாலாம் படுக்கைக்கு உள்ள ரத்தம் போகுது. லெவாவைக் கூப்பிடுங்க."

தோயா திரும்பித் திரையைப் பார்த்தார். "ஆறு புள்ளி ரெண்டு."

"அது அவ புருஷன் விரல், ப்வானா!"

"பதிவுல அது அவங்க விரல்."

"நான் பாதத்தைத் தொட்டுப் பார்த்துட்டு வரேன். சில்லுனு கிடக்கா."

"உங்க கையை யாராவது சரிபார்த்து முத்திரை வெச்சிருக்காங்களா, சிஸ்டர்? மெஷினுக்கு வெச்சிருக்கு."

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் லெவாவின் காதில் சொன்னேன். அவன் சட்டென்று எழுந்தான். மேடையிலிருந்து இயக்குநர் பார்த்துவிட்டார்.

"டாக்டர் லெவா, எங்க கிளம்பிட்டீங்க?"

"நாலாம் படுக்கையை ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடறேன், சார்."

"நாலாம் படுக்கை இதோ இருக்கே, பச்சையா." இயக்குநர் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க எழுந்து போனா, நாம திரையை நம்பலைன்னு அர்த்தம். நாமே நம்பலைன்னா இவங்க எப்படி நம்புவாங்க? உட்காருங்க."

லெவா என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நானும்தான் அவன் சட்டையைப் பிடித்து இழுக்காமல் திரும்பி வந்தேன். அதையும் மன்னிக்கவில்லை.

வார்டுக்கு வந்தபோது கொம்போ இடது கையால் மிஷியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். வலது கையை அசைக்கவில்லை. அது அவளுடையது, சேதமாகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே!

"அக்கா, கண்ணைத் திறக்கமாட்டேங்கறா. டாக்டர் வராரா?"

"வரமாட்டாங்க. அந்தப் பாழாப்போன பெட்டி பச்சையா இருக்கற வரைக்கும் ஒருத்தனும் வரமாட்டான்."

"நான் விரலை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா 'கிளிப் கழன்றுவிட்டது'ன்னு வரும். ஒருத்தன் நிதானமா நடந்து வந்து மாட்டிட்டுப் போவான்." அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் யோசனைதான், அவன் தலையில் போடமாட்டேன். தையல் நூலை எடுத்து நீட்டினேன். "விரலோட அடியை இறுக்கிக் கட்டு. ரத்தமே போகக்கூடாது. அந்த எண் விழட்டும், ஓடி வருவானுங்க."

படகுக்காரன் முடிச்சு. இடது கையாலும் பல்லாலும் ஒரே இழுப்பு. நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. ஆறிலிருந்து மூன்று. மூன்றிலிருந்து ஒன்று. விரல் கருநீலமாயிற்று. பூஜ்யம் புள்ளி ஒன்று. பெட்டி சிவந்து அலறத் தொடங்கியது. அல்லாவே, அந்த அலறலைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

வந்தார்கள். என் வாழ்நாளில் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. தோயா, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், இயக்குநர், பின்னாலேயே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு விருந்தாளிகள். விருந்தில் தின்றுகொண்டிருந்த சம்பூசாவைக் கையில் வைத்தபடியே சிலர்.

"இதோ பாருங்க!" என்று இயக்குநர் விருந்தாளிகளிடம் மூச்சு வாங்கச் சொன்னார். "நோயாளி ஒரு வார்த்தை சொல்லலை, நர்ஸ் சொல்லலை. விரல் சொல்லிச்சு, வந்துட்டோம்!"

"பதினாலாம் விதி!" என்று தோயா கத்தினார். "கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க! முகம் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க!"

பதினாலாம் விதி, எண் விழுந்தால் மெஷினிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும், கம்பியின் முனையில் யார் இருக்கிறாரோ அவருக்குச் சிகிச்சை தரவேண்டும் என்று சொல்கிறது. கம்பியைப் பிடித்தார்கள். கம்பியின் முனையில் கொம்போ இருந்தான்.

அவனைத் தூக்கி ஐந்தாம் படுக்கையில் கிடத்தினார்கள். "எனக்கில்ல! அவளுக்கு! அவளுக்கு!" என்று கத்தினான். கடலில் கத்துகிற குரல்.

"பிதற்றல்," என்றார் தோயா. "ஓட்டம் குறைஞ்சா மூளை குழம்பும். கையேட்டுல இருக்கு."

இயக்குநர் ஆறு வருடத்துக்குப் பிறகு தம் கையாலேயே ஓர் ஊசி போட்டார். மயக்க ஊசி. வாய்க்கு மேலே பிராணவாயு மூடியை வைத்து அமுக்கினார்கள். நாலாம் படுக்கை பேரில் குளிர்பெட்டியில் இருந்த மாகமேயின் ரத்தப் பை வந்தது. கொம்போவின் கையில் ஏற்றினார்கள். நான் பையைப் பிடுங்கினேன். தோயாவின் ஆட்கள் இரண்டு பேரும் என் கைகளைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவன் விரல்ல நூல் கட்டியிருக்கு! நான்தான் கட்டச் சொன்னேன்! பாருங்கய்யா, குனிஞ்சு பாருங்க!"

யாரும் குனியவில்லை, எல்லோரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடியை உதறிவிட்டுப் பாய்ந்து, இடுப்பில் இருந்த கத்தரியால் நூலை நறுக்கினேன். நிரூபித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாவி, என்ன செய்தேன் நான்! எண் துள்ளி எழுந்தது. ஒன்று. மூன்று. ஐந்து. ஆறு புள்ளி நாலு. அலறல் நின்றது. பச்சை.

விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரத்தம் ஏற ஏற எண் ஏறினதைப் பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர். "இதுதான் சார் விஞ்ஞானம். பையை முடிய விடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க."

லெவா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் நாலாம் படுக்கைக்கு வந்து சேர்ந்தான். அவள் உதட்டை இழுத்துப் பார்த்தான். நானும் அவனுமாகப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினோம். திறந்தான். தையல் நழுவிய ரத்தக் குழாயைக் கண்டுபிடித்தான், முடிச்சுப் போட்டான். நல்ல முடிச்சு. ஆனால் உள்ளே ஓடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "ரத்தம், ரத்தம் கொண்டா," என்றான் லெவா. நான் எங்கே போவேன்? இரண்டு ஐம்பதுக்கு மிஷி போய்ச் சேர்ந்தாள்.

நான்கு மணிக்குக் கொம்போவுக்கு மயக்கம் தெளிந்தது. நான்தான் சொன்னேன். அவன் அழவில்லை. ஐந்தாம் படுக்கையில் உட்கார்ந்து தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். "பொழுது சாயறதுக்குள்ள கொண்டுபோய் அடக்கணும்," என்றான். அதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டும்.

தோயாவின் அறைக்குப் போனோம். அவர் வருத்தத்தோடுதான் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன்.

"மரணம்னு எழுதணும்னா பதிவு விரல் பூஜ்யம் காட்டணும்," என்றார். "அம்மாவோட பதிவு விரல் இப்போ ஆறு புள்ளி நாலு. ஓடிக்கிட்டிருக்கற விரலை வெச்சுக்கிட்டு நான் எப்படி மரணம்னு எழுதறது? பதிவை மாத்தணும்னா தலைமைக்கு எழுதணும். ஏழு வாரம் ஆகும்."

"ஏழு வாரமா?" என்றேன். "பிணத்தை வெச்சுக்கிட்டா?"

"வேற ஒரு வழி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "எண் நல்லா இருக்கறதால, குணமாகி வீட்டுக்குப் போனாங்கன்னு எழுதிடலாம். அதுக்கு என் கையெழுத்தே போதும். காவல்காரன் கேட்டைத் திறந்துடுவான். எனக்கும் மனசு இருக்கு, சிஸ்டர். அவங்க பொழுதோட போகட்டும்."

சன்னல் வழியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கொம்போ காகிதத்தை வாங்கினான். 'அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த ஓட்டம் மிகச் சிறப்பு. நலமாக வீடு திரும்பினார்.' கீழே அவன் கையெழுத்துப் போட்டான். சாட்சியாக நான் போட்டேன். அந்தக் காலாண்டில் எங்கள் வார்டில் மரணம் எதுவும் இல்லை. அதற்காகத் தலைமை கொடுத்த கேடயம் கூடத்தில் இருக்கிறது. தோயா அதற்குத் தினமும் துணி போட்டுத் துடைக்கிறார்.

துறைவரைக்கும் கூடப் போனேன். மாகமே படகைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மிஷியை, எங்கள் பெண்கள் உடுத்தும் லேசோத் துணி இரண்டில் சுற்றி நடுப்பலகையில் கிடத்தினோம். மாகமே அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இயந்திரத்தைக் குடைந்துகொண்டிருந்தான்.

கொம்போ படகில் ஏறவில்லை. என் முன்னால் வந்து நின்று, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை நீட்டினான். ஊசி குத்திய இடம் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"அக்கா, இது அவளுக்குன்னு மாகமே குடுத்தது. என்கிட்ட இருக்கு. இதை எடுத்துடுங்க."

"எடுக்க முடியாதுப்பா," என்றேன். "கலந்துடுச்சு."

அவன் கையை மடக்கவில்லை. சட்டையை இறக்கவும் இல்லை.

"அப்போ இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா வீட்டுக்குப் போறது? சின்னவ ஓடி வந்து என் மேலதான் ஏறுவா."